கையெழுத்துப் போட்டால் போதுமா?

தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் மூன்றும் கூடும் பாலைநிலத்துப் பழங்குடிகளிடம் ‘ங்கங்காரி’ என்ற வைத்தியர்கள் உண்டு. மனம் கலங்கியவரைக் கையால் தடவுவார்கள், வாயால் ஊதுவார்கள், நிலைகுலைந்த ஆவியை மறுபடி உடலில் நிறுத்துவார்கள். அரசு நிதி பெற்று இவர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பி வைப்பது, அப்பகுதிப் பழங்குடிப் பெண்களின் அமைப்பாக 1980இல் தொடங்கிய என்.பி.ஒய். பெண்கள் கவுன்சில். டாக்டர் தரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி இவர்கள் வருவதில்லை. 2011இல் இந்த வைத்தியர்களைத் தேடி வந்த விருதின் பெயர், வேடிக்கைதான், உளப்பகுப்பாய்வின் தந்தை பெயரிலான சிக்மண்ட் பிராய்டு விருது.

மூடநம்பிக்கைக்கு அரசுப் பணமா என்று கேட்பவர்கள், அரசின் பணமும் அதிகாரமும் முன்பு எதற்குப் பயன்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தது சட்டம். காவலில் இறந்த 99 பழங்குடியினரைப் பற்றி விசாரித்த அரச ஆணையம் 1991இல் அறிக்கை தந்தது. அந்த 99 பேரில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். இந்தக் காயத்தைத் தனிமனிதரின் மூளைக்கோளாறு என்று மட்டும் பார்க்கும் மனநல மருத்துவம் பாதி நோயைத்தான் பார்க்கிறது. உடல், மனம், உறவு, மண், மூதாதையர் எல்லாம் சேர்ந்ததே நலம் என்கிறார்கள் பழங்குடிகள். 1995இல் அரசுக்குத் தரப்பட்ட ‘வேஸ் ஃபார்வர்ட்’ அறிக்கையும் இதையே சொன்னது. இந்தப் பார்வையைப் புறக்கணித்ததற்காக ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் பழங்குடிகளிடம் மன்னிப்புக் கேட்க 2016 ஆனது.

வழி தெரியாமல் இல்லை. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971இலேயே பழங்குடிகள் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையத்தைத் தொடங்கிவிட்டார்கள். நெருக்கடியில் இருப்பவர் அழைத்தால் பழங்குடி ஒருவரே பேசும் ‘13யார்ன்’ தொலைபேசிச் சேவை 2022இல் வந்தது.

ஆனாலும் பழங்குடிகளின் தற்கொலை விகிதம் மற்றவர்களைப் போல இரு மடங்குக்கும் மேல். வரவேற்பறையில் புள்ளி ஓவியம் மாட்டுவதும், ஊழியர்களுக்கு ஒருநாள் பண்பாட்டு வகுப்பு எடுப்பதும் இதற்கு மருந்தல்ல. முடிவெடுக்கும் அதிகாரம் கைமாற வேண்டும். ‘இடைவெளியைக் குறைப்போம்’ என்ற 2020ஆம் ஆண்டு தேசிய ஒப்பந்தத்தில் அதற்குத்தான் எல்லா அரசுகளும் கையெழுத்திட்டன. அவை பெரும்பாலும் சொன்னதைச் செய்யவில்லை என்று மத்திய அரசின் உற்பத்தித்திறன் ஆணையமே 2024இல் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது.

குறுகிய கால மானியத்தை நம்பி எந்த அமைப்பும் நல்ல ஊழியரைத் தக்கவைக்க முடியாது. மனநலத்துக்கான நிதியைப் பழங்குடிச் சமூக அமைப்புகளிடம் நேரடியாக, பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். கணக்கு கேட்கலாம், கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த பட்ஜெட்டிலேயே கான்பெராவில் உள்ள மத்திய அரசு இதைத் தொடங்கட்டும்.