கண்ணைக் கெடுப்பது பிடுங்கிய பல் அல்ல

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும், கடைவாய்ப் பல்லில் கத்தி வைத்தால் நரம்பு தளர்ந்துவிடும். லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. தோட்டம் விற்கப்பட்டு சிரம்பான் தாமான்களுக்குக் குடிபோனவர்களோடு இந்தப் பேச்சும் கூடவே போய்விட்டது. பெரியவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. சீழ் கட்டிய பல்லோடு ஒருவரைக் கிராம்புத் தைலத்தையும் பெனடாலையும் நம்பி மாதக்கணக்கில் வீட்டில் உட்காரவைப்பது இந்தப் பேச்சுதான்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 இணை. அவற்றில் பார்வைக்குரியது இரண்டாவது. பல், ஈறு, கன்னம், உதடு இவற்றின் உணர்ச்சிக்குரியது ஐந்தாவது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் தொடங்கி வெவ்வேறு வேலை செய்பவை. மேல்பற்களுக்குப் போகும் கிளை கண்குழியின் அடித்தளத்தை ஒட்டி ஓடுவது உண்மை. மேல்பல் வலி கண்ணுக்குக் கீழே ‘விண்விண்’ என்று தெறிப்பது அதனால்தான். நம்பிக்கை பிறந்த இடமும் இதுவாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கிளைக்கு வலியும் தொடுகையும் தெரியும், வெளிச்சம் தெரியாது. பல்லை எடுக்கும்போது அறுபடுவது வேர்நுனிக்குள் நுழையும் மிக மெல்லிய இழை மட்டுமே.

அறுவைக்குப் பிறகு வரும் வீக்கம்தான் இந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வதுபோல் அமைந்துவிடுகிறது. கன்னம் உப்பி, சில சமயம் கீழிமை வரை தடித்துக் கன்றிப்போகிறது. “பாத்தியா, கண்ணுக்கு ஏறிடுச்சு” என்கிறார்கள். இந்த வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். வெட்டுப்பட்ட திசு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி அது. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர், இரவில் தலையணையைச் சற்று உயர்த்திக்கொள்வது, இவை போதும்.

நரம்புக்கு ஒன்றுமே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. அதில் போகும் நரம்பு கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது. புதைந்து கிடக்கும் கடைவாய்ப் பல்லின் வேர் சிலருக்கு அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். அறுவைக்கு முன் எக்ஸ்ரே எடுப்பது அதைப் பார்க்கத்தான். நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடுகிறது. நிரந்தரமாகத் தங்குவது அரிது, ஆனால் உண்டு, அதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். திரும்பும் காலத்தில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும், தொட்டால் கூசும். இதைக் கண்டு நரம்பு கெட்டுப்போனது என்று பதறி, சூடாக எண்ணெய் ஒத்தடம் கொடுக்கிறார்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்துபோன பிறகுதான் தெரியும். எப்படிப் பார்த்தாலும் இந்த மரமரப்பு கண்ணுக்கு ஏறுவதில்லை.

“பல்லைப் பிடுங்கின பிறகுதானே அத்தைக்குக் கண் மங்கியது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பற்கள் ஆட்டங்காணும் நாற்பது, ஐம்பது வயதிலேதான் வெள்ளெழுத்தும் வருகிறது. அதைவிடப் பெரிய காரணம் இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிடையே 31.4. ஈற்றைக் கரைத்துப் பல்லை ஆட வைப்பதும், விழித்திரையைச் சேதப்படுத்துவதும் அதே நோய்தான். பல் முதலில் போனதால் பழி பல்லின்மேல் விழுந்துவிட்டது. மரப்பூசி போட்டதும் அபூர்வமாகச் சிலருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிவதுண்டு. மருந்து இறங்கியதும், பெரும்பாலும் சில மணி நேரத்தில், அது சரியாகிவிடும்.

பல் கண்ணைக் கெடுக்க ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது: பல்லைப் பிடுங்காமல் விடுவது. மேல்பல்லின் சீழ், அரிதாக என்றாலும், கண்குழி வரை பரவிப் பார்வையைப் பறிக்கக்கூடியது. கீழ்ப்பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் இறங்கி மூச்சுக்குழலை அடைக்கும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836லேயே எழுதிவைத்த நோய் அது. ஆகவே மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் கண்டால் பல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். கண் பிதுங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.