செம்பை அளக்கலாம், தூசியை யார் அடக்குவது?

ராஜஸ்தான் மணற்கல் சுரங்கங்களில் கல் உடைப்போரில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும்தான். அங்கே பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் எனும் இந்நோயைக் குணமாக்க மருந்தில்லை. பலருக்குக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தே காலம் போய்விடுகிறது.

நோயாளிகளின் ரத்தத்தில் செம்பு கூடுவதையும் துத்தநாகம் குறைவதையும் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இந்த அறிவியலை வரவேற்கிறேன். ஆனால் உடலில் எந்த அழற்சி வந்தாலும் செம்பு கூடும். சத்தான உணவு கிடைக்காவிட்டாலும் துத்தநாகம் குறையும். ஆகவே எக்ஸ்ரேயும், எத்தனை ஆண்டு கல் உடைத்தார் என்ற கேள்வியும் இல்லாமல் இந்த அளவுகள் எதையும் நிரூபிக்காது.

2019-இல் ராஜஸ்தான் அரசு கொண்டுவந்த கொள்கைப்படி, நோய்ச் சான்றிதழ் இருந்தால்தான் நிவாரணம். நாளை 'உன் செம்பு சரியாக இருக்கிறது' என்ற ஒரு தாளே அதை மறுக்கப் போதுமானதாகிவிடும் என்று அஞ்சுகிறேன். அளவு கூடியவரை முதலாளி வெளியேற்றுவார். அதே தூசிக்குள் அடுத்த தலித் இளைஞர் இறங்குவார்.

துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி பெருமளவு அடங்கும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. அங்கே மூச்சுவிடுபவர்கள் யார் என்று தெரிந்துதான் தண்ணீர் விடாமல் இருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வருபவர்களிடம் முதலில் தண்ணீர்க் குழாயைக் கேட்போம்.