உப்லோ ஓரத்து இருக்கை

பாரிஸிலிருக்கும் மகளைப் பார்த்துவர டிக்கெட் எடுத்தாயிற்று. "இந்த வயசுல நடைபாதை ஓர சீட்டுதான்பா வசதி" என்கிறாள். மணிக்கொரு தரம் எழுந்து போகிறவன் நான். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் திருக்கோகர்ணத்திலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போனால்கூட, நார்த்தாமலைக் குன்றுகளுக்காக ஜன்னலோரம் பிடிக்கிறவனும் நான்தான்.

விமான ஜன்னலுக்கு பிரெஞ்சில் 'உப்லோ' என்று பெயர். காரைக்காலில் படித்தபோது கப்பல் படத்தைக் காட்டி வாத்தியார் சொல்லிக்கொடுத்த சொல்.

என் கணக்கு இது. சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் வழியெல்லாம் பெரும்பாலும் இருட்டு. அதற்கு மகள் சொன்ன இருக்கையே போதும். திரும்புவது பகலில். ஜெர்மனி, ஆஸ்திரியா வழியாகக் கிழக்கே வந்தால் ஆல்ப்ஸ் மலை தெற்கே, அதாவது நமக்கு வலப்பக்கம். சூரியனும் அந்தப் பக்கம்தான். கண் கூசும், பரவாயில்லை. இறக்கைக்கு நேராக உட்கார்ந்தால் இறக்கைதான் தெரியும். அதற்குப் பின்னால் என்றால் இன்ஜினின் சூட்டுக் காற்றில் காட்சி கலங்கும். ஆகவே இறக்கைக்கு முன்னால், வலது ஓரம்.

போன முறை அந்த இடம் கிடைத்த ஒரு தம்பி, ஏறியதும் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கிப்போனார். தூங்குவதற்கு எந்த இருக்கையும் போதுமே! பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பக்கத்திலிருப்பவரை நாலைந்து தடவை எழுப்ப வேண்டிவரும். 'பார்தோன்' கேட்டுக்கொள்வேன். அடுத்த பயணம் உண்டா என்று தெரியாத வயதில், மலையை விட்டுக்கொடுக்க மனமில்லை.