டிஃபரன்ஷியல் மாத்தினா மைலேஜ் வருமா? 60,000 ரூபாய்க்கு நான் படிச்ச பாடம்

பழைய ஜீப் வாங்குறது பத்திப் போட்ட வீடியோவுக்கு நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "சார், 70ஐத் தாண்டினா இன்ஜின் கத்துது. டிஃபரன்ஷியல் மாத்தினா ஹைவேல நல்லா ஓடும், மைலேஜும் கூடும்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா?"

மாச சம்பளத்துல இருக்கிறவங்களுக்கு என் பதில்: வேண்டாம். நானே அந்தக் காசை விட்டவன்.

முதல்ல அந்த நம்பர் என்னன்னு பார்ப்போம்

டிஃபரன்ஷியலுக்குள்ள சின்ன பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுத்தும். பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல்னா ரேஷியோ 5.38. பழைய சிஜே-3பி ஜீப்ல இருக்கிறது இதுதான். 11க்கு 47 பல்னா 4.27.

டாப் கியர்ல இன்ஜின் 3,000 ஆர்பிஎம்ல ஓடும்போது, 5.38ல வண்டி சுமார் 75 கிலோமீட்டர் வேகத்துல போகும். 4.27ல 95. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே கியர்ல சக்கரத்துக்குப் போற இழுவை 20 சதவீதம் குறைஞ்சிடும். ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணை வாங்குறீங்க.

என் கதை

அப்பாவோட ஜீப் சிறுமலைத் தோட்டத்துக்காக வாங்கினது. நான் பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல, சனிக்கிழமை தோறும் திண்டுக்கல்லுல இருந்து மதுரைக்கு அதுலதான் போவேன். நாலுவழிச் சாலைல லாரி எல்லாம் என்னைத் தாண்டிப் போகும். ரோஷம் வந்துடுச்சு. 4.27 போட்டேன்.

ஃபோர் வீல் டிரைவ்ல முன்னாடியும் பின்னாடியும் ஒரே ரேஷியோ இருக்கணும். இல்லேன்னா ஃபோர் வீல் போட்டதும் ரெண்டு ஆக்சிலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். அதனால ரெண்டு செட், ரெண்டு லேபர். மொத்தம் 60,000 ரூபாய். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிச்சது. அது 60 காட்டும்போது வண்டி 75ல போகும்.

மைலேஜ் 10ல இருந்து 11 ஆச்சு. மாசம் 500 கிலோமீட்டருக்கு மிச்சம் நாலரை லிட்டர். டீசலை ரவுண்டா 100 ரூபாய்னு வச்சாலும் 450 ரூபாய். போட்ட காசைத் திரும்ப எடுக்க 11 வருஷம்! பர்சனல் லோன் போட்டு செஞ்சா இன்னும் மோசம். 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ மாசம் 2,050. மிச்சம் 450, கட்டுறது 2,050.

மதுரை ரோட்டுல ஜோரா இருந்துச்சு. அடுத்த மாசம் அப்பாவோட சிறுமலை ஏறினோம், பின்னாடி உர மூட்டை. 18 கொண்டை ஊசி வளைவு. முன்னாடி செகண்ட்ல ஏறின வளைவுல எல்லாம் ஃபர்ஸ்ட் கேட்டுச்சு. பாதியில கிளட்ச் வாசனை. அப்பா திட்டல. "மலைக்குன்னு வாங்குன வண்டிப்பா"ன்னு மட்டும் சொன்னார்.

பழைய செட்டைப் பரண்ல வச்சிருந்தேன், நல்லவேளை. திரும்ப மாட்ட லேபர் 15,000. மதுரைக்கு பஸ்ல போக ஆரம்பிச்சேன்.

சட்டமும் இருக்கு

கம்பெனியோட அசல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம மாத்தினா, கிளெய்ம் நேரத்துல அது பெரிய தலைவலி ஆகலாம்.

அப்போ யாருக்குத்தான் இது?

மலைத் தோட்டம், பாரம், அதிலேயே வருமானம்னு இருக்கிறவங்களுக்கு சரியான ரேஷியோ ஒரு தொழில் முதலீடு. அவங்களும் முதல்ல ஆர்டிஓகிட்டயும் இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் எழுத்துல கேட்டுட்டுச் செய்யணும்.

நீங்க தினமும் ஹைவேல ஆபீஸ் போறவரா? அப்போ ஹைவேக்கு ஏத்த வண்டியை வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பெசிஃபிகேஷன்ல ரேஷியோவைப் பாருங்க, அதுக்குக் காசு கிடையாது. ஏற்கெனவே ஜீப் வாங்கிட்டீங்களா? 60ல ஓட்டுங்க. அந்த 60,000 எமர்ஜென்சி ஃபண்டுல இருக்கட்டும்.

உங்க வண்டிக்கு இந்தக் கணக்கு எத்தனை வருஷம் வருதுன்னு போட்டுப் பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க.