அம்மிக் கல்லும் ஆராய்ச்சியும்

கலியாணப் பந்தலில் மணமகளின் காலைத் தூக்கி அம்மியின்மேல் வைக்கும்படி மாப்பிள்ளைக்குப் புரோகிதர் உத்தரவிடுகிறார். கல்லைப் போல் உறுதியாய் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தாத்பரியமாம். யார் உறுதியாய் இருக்க வேண்டும்? பெண் மாத்திரந்தான். மாப்பிள்ளையின் காலை எந்த அம்மியின்மீதும் யாரும் வைப்பதில்லை. இந்த வழக்கம் எப்போது ஏற்பட்டது என்று கேட்டால் "அனாதி காலந்தொட்டு" என்பார்கள். அதற்குச் சாட்சி என்ன என்று கேட்டால், கேட்டவன் நாஸ்திகனாகி விடுவான்.

நிற்க, அரைக்கும் கல்லைக் கையிலெடுத்து யோசிக்கிறவர்கள் வேறு சிலரும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்கள். அவர்கள் கல்லுக்கு மஞ்சள் பூசுவதில்லை. தோண்டியெடுத்த கல்லைக் கழுவுவதற்குக்கூட அவசரப்படுவதில்லை. ஏனெனில் அதன் அழுக்கில்தான் சரித்திரம் இருக்கிறது. கல்லின் சிறு குழிகளில் சிக்கிய மாவுத் துகள்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இன்ன வகைத் தாவரத்தின் மாவு என்று அவற்றின் உருவத்தைக்கொண்டு சொல்லலாம். அந்தத் துகள் பக்கத்து மண்ணிலிருந்து ஒட்டியதாயிருக்குமோ என்று அம்மண்ணையும் சோதிக்கிறார்கள். அதுவும் போதாதென்று, புதுக்கல்லில் தாங்களே தானியத்தை அரைத்து, அதில் ஏற்படும் தேய்வையும் கீறலையும் பழங்கல்லோடு ஒப்பிடுகிறார்கள். தானியம் அரைத்த கல்லும் காவிமண் அரைத்த கல்லும் ஒரே விதமாய்த் தேய்வதில்லையல்லவா?

இப்படிப் பார்த்ததில் தெரிந்தது என்ன? 1989-ல் கலிலேயா ஏரியின் தண்ணீர் வற்றியபோது ஓஹாலோ என்ற இடத்தில் பழைய குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. அதற்கு வயது சுமார் 23,000 வருஷம். அங்கு கிடைத்த ஒரு கல்லில் காட்டு வாற்கோதுமையின் மாவுத் துகள்கள் இருந்ததாக 2004-ல் வெளியிட்டார்கள். அதாவது, அந்தப் பிரதேசத்தில் விவசாயம் தோன்றுவதற்குப் பதினாயிரம் வருஷங்களுக்கு மேல் முந்தியே மனிதன் காட்டுத் தானியத்தைப் பொறுக்கி அரைத்துத் தின்றிருக்கிறான். எந்தத் தேவதையும் வந்து கற்றுக் கொடுக்கவில்லை. பசியும் புத்தியுமே அவனுக்குக் குருவாயிருந்தன.

இதைவிட முக்கியமான சாட்சியம் சிரியாவில் இருக்கிறது. யூப்ரடீஸ் நதிக்கு அணை கட்டியதால் நீரில் மூழ்கவிருந்த அபு ஹுரேரா என்ற மேட்டை 1972, 1973-ல் அவசரமாகத் தோண்டினார்கள். அங்கு கிடைத்த ஆதி விவசாயிகளின் எலும்புகளை ஆராய்ந்த தியா மாலசன் என்ற அம்மையார், 1994-ல் தமது முடிவை எழுதினார். கால் பெருவிரல் மூட்டு கெட்டு, முழங்கால் தேய்ந்து, இடுப்பு முதுகெலும்பு சிதைந்த எலும்புகள் பல இருந்தன. அவை பெரும்பாலும் பெண்களுடையவை. தரையில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து, நாள்தோறும் மணிக்கணக்காகக் கல்லைத் தள்ளி அரைத்ததன் பலன் அது என்று அவர் கண்டார்.

தோழர்களே! கல் பெண்ணுக்குச் செய்தது இதுதான். அவள் முதுகை ஒடித்த அதே கல்லின்மேல் அவள் காலை வைத்து, இதைப்போல் இரு என்று சொல்லுவது வாழ்த்தா, ஆயுள் தண்டனையா? இன்று அரைக்கிற வேலையை மின்சார யந்திரம் செய்கிறது. ஆனால் யந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவள் இன்னும் பெண்தான். கல் போனாலும் கல்லின் தர்மம் போகவில்லை.

ஆராய்ச்சிக்காரன் நாளைக்கு வேறு சான்று கிடைத்தால் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளுவான். அதற்காக அவன் நரகத்துக்குப் போவதில்லை. நம் புரோகிதரோ சான்றே கேட்காமல் நம்மை நம்பச் சொல்லுகிறார். இவ்விருவரில் யார் பேச்சைக் கேட்பது என்பதே நமது கேள்வி.

புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967-ஆம் வருஷத்திய சட்டம் செல்லுபடியாக்கி விட்டது. ஆகவே இனியும் அம்மியைப் பந்தலுக்குத் தூக்கி வருவதற்குச் சட்டம் காரணமல்ல, நம் கோழைத்தனமே காரணம். அம்மியின் இடம் அடுப்பங்கரை. பழைய அம்மியானால் காட்சிசாலை. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை, இது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கும்படி மணமக்களாகப் போகும் வாலிபர்களையும் பெண்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.