மீட்டரைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்



தண்ணீர் பில் திடீரென்று ஏறிவிட்டால், பல வீடுகளில் முதலில் பேச்சு வாங்குவது ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவும் வீட்டு வேலைக்கு உதவும் பணிப்பெண்ணும்தான். "அரிசியை எத்தனை தடவைதான் கழுவுவீங்க?" என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். வாய் திறக்கும் முன் மீட்டரைப் போய்ப் பாருங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பில்லையே நிதானமாகப் படியுங்கள். இங்கே சிங்கப்பூரில் பல வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மீட்டர் பார்க்கிறார்கள். நடுவில் வரும் பில் உத்தேசக் கணக்கு. அதில் குறைத்துப் போட்டிருந்தால் விட்டுப்போனது அடுத்த பில்லில் சேர்ந்துகொள்ளும். அதற்கு யாரையும் நோக வேண்டியதில்லை.

அப்படியில்லை என்றால், எல்லாரும் வெளியே கிளம்பும் ஒரு நாளில் குழாய்களை மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் இருக்கும். கறுப்பு எண்கள் கன மீட்டர்; சிவப்பு அதற்கும் கீழே, லிட்டர் கணக்கு. திரும்பி வரும்போது சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

என் சந்தேகம் எப்போதும் கழிப்பறைத் தொட்டி மேல்தான். சொட்டும் குழாய் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்; தொட்டிக் கசிவோ சத்தமே இல்லாமல் பீங்கான் சுவரோடு மெல்லிய படலமாக வழியும். தொட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, இருபது நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால், பெரும்பாலும் தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கும். மணிக்கு 10 லிட்டர் கசிந்தாலே மாதத்துக்கு 7 கன மீட்டரைத் தாண்டும். 2025 ஏப்ரல் முதல் ஒரு கன மீட்டர் 3 வெள்ளி 24 காசு, ஜிஎஸ்டி தனி. 22 வெள்ளிக்கு மேல் இப்படியே போய்விடும். அம்மா அரிசியை இன்னும் இரண்டு தடவை கழுவினாலும் இந்தக் கணக்கு வராது.

தேய்ந்த ரப்பரை மாற்றுவது பெரிய வேலை இல்லை. உங்கள் புளோக்கில் முதியவர் யாராவது தனியாக இருந்தால், ஒரு நாள் அவர் வீட்டுத் தொட்டியையும் பார்த்துக் கொடுங்கள். தொட்டியின் மேலுள்ள பீங்கான் மூடி கனமானது. அவரால் தூக்க முடியாமல் போகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்