மேசைமீது எழட்டும் நம் நிலம்

அறையினுள் மேசைமீது ஓடும் மாதிரி இரயிலுக்கு நிலக்காட்சி அமைப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், தமிழ்ப்பள்ளிக்கு அதனால் யாது பயன் என்றும் வினவுவோர் உளர். வேறு சிலரோ கடையில் விற்கும் பனிமலையையும் ஊசியிலை மரங்களையும் வாங்கி ஒட்டிவிட்டு, கைத்திறன் வளர்த்ததாகப் பெருமை கொள்கின்றனர். இவ்விரு சாராரையும் மறுப்பதே என் நோக்கம்.

ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் 1946இல் தோன்றிய ஃபாலர் நிறுவனம், தன் நாட்டு வீடுகளையும் நிலையங்களையும் சிற்றுருவாக்கி உலகெங்கும் விற்கிறது. அதில் குற்றமில்லை, அவர்கள் தம் ஊரைச் செய்கின்றனர். பெம்பானில் செம்பனையையும் பால்மரத்தையும் பார்த்து வளரும் நம் பிள்ளை ஏன் அவர்கள் ஊரையே செய்யவேண்டும்? தன் மண் சிற்றுருவாக்கவும் தகுதியற்றது என்னும் எண்ணத்தை அல்லவா நாம் அவன் நெஞ்சில் விதைக்கிறோம்?

நாம் செய்யத்தக்க பாதை ஒன்று உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் கிளைப்பாதை திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. அதன் தண்டவாளங்கள் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். மலாக்காக் கிளைப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. இரும்பும் மனிதரும் ஒருசேரப் போன இவ்வரலாற்றை மாணவர் கைகளால் மேசைமீது எழுப்புவது விளையாட்டாகுமா?

பாடம் கெடும் என்பர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 87இல் ஒரு பங்கு அளவில் 20 மீட்டர் உயர மரம் 23 சென்டிமீட்டராகும். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்படும் செம்பனைகள் ஏறத்தாழ பத்துச் சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். நம் நாட்டுத் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். ஆதலின் பரவலாக விற்கப்படும் 16.5 மில்லிமீட்டர் பாதை நமக்குப் பொருந்தாது, 12 மில்லிமீட்டர் பாதையே பொருந்தும். இது கணிதம் அன்றோ?

செம்மண்ணை வெயிலில் உலர்த்திச் சலித்தபின் காந்தத்தால் துழாவவேண்டும். இரும்புத் துகள் எஞ்சினால் இயந்திரத்தின் மோட்டார் அதனை ஈர்த்துக்கொண்டு பழுதாகும். வெண்பசையை நீரில் கரைத்து, சில துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்தால்தான் அது மண்ணுள் இறங்கிப் பிடிக்கும். இது அறிவியல் அன்றோ?

பொருட்செலவு மிகும் என்பதும் சாக்கே. முறுக்கிய கம்பி அடிமரமாகும். சாயமேற்றிய மரத்தூள் இலையாகும். கம்பிவலைமேல் பசையில் நனைத்த பழைய நாளிதழ் குன்றாகும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி அதன்மேலும் பழிபோட இயலாது.

எல்லாவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. லயத்தில் எத்தனை கதவுகள், கிணறு எப்பக்கம், பிரட்டுக்களம் எங்கே, கோயில் எம்மரத்தடியில் என்பன எந்தக் கடைப் பெட்டியிலும் இல்லை. அவற்றைப் பாட்டனிடமும் பாட்டியிடமும் சென்று கேட்டே மாணவன் அறியவேண்டும். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகி வருகின்றன. லயத்தில் வாழ்ந்தோரும் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். கேட்கவேண்டிய காலம் இதுவே.

ஆசிரியத் தோழர்களே! வரும் பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு பலகையும் ஒரு பை செம்மண்ணும் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். பனிமலையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.